அறுபத்தைந்தாவது

முதலில் எண்ணிக்கொண்டு வா என்றார்கள்.
எண்ணினேன், நான்கு நாள்,
முழங்கைவரை கம்பளிக் கொழுப்பு பிசுபிசுக்க.
ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில்
ஆட்டு ரோமம் அலசும் ஆலை எங்களுடையது.
தொட்டி ஆறு, உலர்த்தி ஒன்று, பொதி கட்டும் எந்திரம் ஒன்று.
உள்ளே வரும் செய்தி தொண்ணூற்றொன்று:
சூடு எவ்வளவு, தண்ணீர் எதுவரை,
கதவு சாத்தியிருக்கிறதா.
வெளியே போகும் கட்டளை அறுபத்து நான்கு:
ஓடு, நில், திற, பிழி.
முப்பது வருட ரிலே அலமாரி
இத்தனையையும் டக் டக்கென்று
பல்லைக் கடித்துக்கொண்டே செய்தது.
இப்போது பாதிப் பல் ஆடுகிறது.

மோன்டெவிடியோ விற்பனைக்காரர்
மேஜையில் இரண்டை வைத்தார்.
ஒன்று ஒரே பெட்டி, எல்லாம் உள்ளடக்கம்.
வெளியீடு சரியாக அறுபத்து நான்கு.
"அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறதே"
என்றார் மேலாளர் இத்துரால்தே.
விலையைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை சொன்னார்.

மற்றது ஒரு தண்டவாளத்தில் துண்டு துண்டாய்.
மின்சாரத்துக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று,
கேட்க, சொல்ல, சூடு பார்க்க.
வேண்டிய துண்டை மாட்டலாம்,
வேண்டாததைக் கழற்றலாம்,
இடத்தைச் சும்மாவும் விடலாம்.
சும்மா விட்ட இடத்துக்கும் காசு.
"காற்றுக்கா நான் பணம் கட்டுவது?"
நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.
பெட்டிக்கே தலையாட்டினேன்.

அலமாரியில் ஒரு கம்பி மிச்சம் நின்றது.
மஞ்சள். வரைபடத்தில் இல்லை.
அதன் பட்டையில் யாரோ பேனாவால்: தொடாதே.
எலிசேயோ டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அதன் பின்னாலேயே ஊர்ந்தான்.
உலர்த்திக்கு அடியில் ஒரு குழாய்க்குள் நுழைந்து
மண்ணுக்குள் போய்விட்டது.
பன்னிரண்டு வருடம் பழகிய ஆலை
ஒரு கம்பியளவு அந்நியமாயிற்று.
கழற்றினோம்.
காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.
ஒன்றும் ஆகவில்லை.
எலிசேயோ மாத்தே உறிஞ்சினான். எனக்கும் கொடுத்தான்.

மறுநாள் மதியம்
எடைமேடைக் காவலர் ஒவிடியோ உள்ளே வந்தார்.
அவரை ஆலைக்குள் பார்ப்பது அதுவே முதல்முறை.
தொப்பியைக் கழற்றாமல் கேட்டார்:
"மணி செத்துப்போச்சா?"

எந்த மணி?

ஒரு பொதி கட்டி முடித்தால்
அவர் கூண்டில் ஒரு மணி அடிக்குமாம்.
இருபது அடித்தால் அடுத்த லாரியை விடுவாராம்.
"யார் வைத்தது?"
"எனக்கு முன்னாலேயே இருந்தது."
"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"
"மணி அடிச்சுக்கிட்டுதானே இருந்தது, நெலிடா."

வெளியே, யூக்கலிப்டஸ் வரிசையோரம் ஒன்பது லாரிகள்.
ஓட்டுநர்கள் நிழலில் சீட்டாடினார்கள்.
கத்தரித்த ரோமம் வெயிலில் வியர்த்து நாறியது.

அறுபத்தைந்து.
பெட்டிக்கு அறுபத்தைந்தாவது வாய் இல்லை.

"ஒரு மணிக்காகவா?" என்றார் இத்துரால்தே.
இந்த ஒன்றைத்தான் எங்களுக்குத் தெரியும் என்றேன்.
ஜன்னல் வழியே லாரிகளை எண்ணினார்.
பிறகு வேறு ஏதோ கேட்பதுபோல்,
"நடுராத்திரி பழுதானால்?"
எலிசேயோவைக் கூப்பிட்டு
கொழுப்பு ஊறிய கையுறையைக் கழற்றவிடாமல்
ஒரு துண்டை மாற்றச் சொன்னேன்.
கம்பிகளின் முனைக்கட்டை தனியே கையோடு வந்தது.
பழையதை உருவினான், புதியதைத் தள்ளினான். க்ளிக்.
கம்பி ஒன்றுகூட அவிழவில்லை.
பேனாவில் மை வரவில்லை;
உதறி உதறி இரண்டு முறை கையெழுத்திட்டார்.

தண்டவாளக் கடைசியில் இப்போது
இரண்டு இடம் காலி, மூடி போட்டு.
அந்தக் காற்றின் விலையை
கூட்டந்தோறும் சொல்லிக் காட்டுகிறார்.
ஒவிடியோவுக்கு வேறு குறை:
பழைய மணி கொஞ்சம் இழுத்து அடிக்குமாம்,
இது வெடுக்கென்று நின்றுவிடுகிறதாம்.
ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும்.
வெள்ளிக்கிழமை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.