ஒரு சாய்கோடு

சிவதாபுரத்திலிருந்து மாதையன் பேசினார்.
பதினோரு மாசம் ஆச்சும்மா, ஒரு ஆர்டர் இல்லை.
கொலுசுன்னு என் கடைப் பேரைப் போட்டுத் தேடினா
கரூர்ல எவனோ கொசுவலை விக்கிறான்.

ஐந்து ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடி என் மேசை.
மின்விசிறி இரண்டில்.
சர்வரின் வருகைப் பதிவைத் திறந்தேன்.

வந்திருக்கிறது.
ஒவ்வொரு நாளும் பின்னிரவு மூன்று மணி சுமாருக்கு,
பட்டறைகளில் ஊதுலை ஆறிக் கிடக்கும் நேரம்,
வந்திருக்கிறது, பக்கம் பக்கமாய் ஊர்ந்து படிக்கும் அது.
வாசலில் சின்னதாய் ஒரு கோப்பு, இரண்டே வரி.
வாசித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.
தட்டவில்லை, சன்னலில் எட்டிப் பார்க்கவில்லை.
மறுநாளும் வந்து அதே இரண்டு வரியை
முதல்முறை போல வாசித்து
மறுபடி போயிருக்கிறது.
முந்நூற்றுச் சொச்சம் இரவுகள்.

எவருக்கும் அனுமதி இல்லை,
அதன் பின்னால் ஒரு சாய்கோடு.
அந்தக் கோட்டுக்கு 'எல்லாம்' என்று பொருள்.
விலைப்பட்டியல், முகவரி,
மாதையன் மகள் கால் நீட்டி உட்கார்ந்த படம்,
எல்லாம்.

எழுதியது நான்தான். போன ஆடியில்.
வேலை முடியுமுன் கண் படக் கூடாதென்று
கட்டடத்துக்குச் சாக்கு கட்டுவோமே, அப்படி.
அவிழ்க்க மறந்த கொத்தனார்.

அழிக்க ஒரு நொடி.

பிறகுதான் பார்த்தேன்:
உள்ளே நுழைந்தாலும் அதற்கு என்ன இருக்கிறது?
இருநூற்றுப் பதினாலு படம், ஒன்றுக்கும் பெயர் இல்லை,
கேமரா போட்ட எண் மட்டும்.
ஆறு பக்கத்துக்கு எங்கிருந்தும் வழி இல்லை.
ஏற்காட்டுக்கு இருபது வளைவு, இருந்தும் பஸ் போகிறது.
இவற்றுக்கு ஒற்றையடி கூட நான் போடவில்லை.

மாதையனைக் கூப்பிட்டேன்.
நாற்பத்தேழாம் படம், இதுக்கு என்ன பேருங்க?
பேரா, என்று சிரித்தார்.
பட்டறையில 'சண்டைக்காரி'ம்போம்.
கட்டினவ எங்க போறான்னு தெருவுக்கே தெரியும்.
அடுத்தது 'ஊமைச்சி', மணி கிடையாது,
ஆஸ்பத்திரி நர்ஸுங்க வாங்குவாங்க.
சாயங்காலம் வரை சொன்னார், நான் அடித்தேன்.
சத்தம் கேட்காத ஒன்றுக்கு
சத்தத்தை எழுத்தில் வைத்தேன்.

இரண்டாம் இரவு, மூன்று பன்னிரண்டு.
வாசல் கோப்பை வாசித்தது.
முகப்பைக் கேட்டது.
பிறகு விலை. பிறகு ஊமைச்சி.
பிறகு, யாரும் எழுந்துகொள்ளாமல், சண்டைக்காரி.
பதிவில் வரி வரியாய் ஏறிக்கொண்டே போனது,
நான் காபி ஆறியதைப் பார்க்கவில்லை.

காலையில் மாதையன் கேட்டார்:
என்னம்மா கோளாறு?
ஒரு கோடுங்க.
யார் போட்டது?

எழுந்து போய்
மின்விசிறியை மூன்றில் வைத்தேன்.