எண்கள் பொருந்தவில்லை

கார்லைல் ஏலக்கடையின் பின்னறையில்
துப்பாக்கிகளைப் புகழாமல் எழுதுவது என் வேலை.
மரத்தில் விரிசல் என்றால் விரிசல்.
குழலில் குழிவு என்றால் குழிவு.
லண்டனின் பெரிய பெயர்களுக்கு
வாக்கியங்கள் தாமே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
என் மேசைக்கு வருபவை பெரும்பாலும்
ஒரு தபால் நிலையமும் இரண்டு மதுக்கடைகளும் உள்ள
ஊர்களின் பெயர்கள்.

பிப்ரவரியில் வந்தது இது:
டி. தர்ல்வெல், ஆல்ஸ்டன்.
இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில்
பொன் உதிர்ந்த எழுத்துகள்.
தர்ல்வெல் தூண்டில் முள் விற்றார்,
விளக்குத்திரி விற்றார்,
செம்மறியின் குளம்பு அழுகலுக்கு மருந்து விற்றார்.
துப்பாக்கி செய்ததாகத் தெரியவில்லை.
முன்மரத்தைக் கழற்றினால்
யாரும் பாராத அடிவயிற்றில்
பர்மிங்ஹாமின் ஏதோ ஒரு சந்தில்
அரப்பொடி தின்று இருமியவனின்
இரண்டு முதலெழுத்துகள். எஸ். ஜி.
பெயர் மேலே. ஆள் கீழே.
தர்ல்வெல்லைக் குறை சொல்ல மாட்டேன்.
ஆட்டு ரோமம் விற்கும் வரை
அந்த மலைக்காரர்களுக்குக் கடன் கொடுத்தவர் அவர்.

எழுதிக்கொண்டே போகையில் கை நின்றது.
உடலில் எண் ஒன்று.
குழலில் எண் இரண்டு.
மூடினால், கிட்டத்தட்ட மூடுகிறது.
இடுக்கில் சிகரெட் தாளை வைத்தேன்,
வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

அனுப்பியவர் தோரா நட்ராஸ், கேரிகில்.
தொலைபேசியில் முதலில் இருமினார்.
ஜோடியாக வாங்கியவர் அப்பாவாம்.
உயிலில் ஆளுக்கொன்று.
அடக்கம் முடிந்த இரவு
இவரும் தம்பி ஐவரும்
ஒரே மேசையில், ஒரே எண்ணெய், ஒரே துணி,
இரண்டையும் பிரித்துத் துடைத்திருக்கிறார்கள்.
அப்போதுதான் கீழ்வயலின் கல்சுவர் பற்றிப்
பேச்சு வந்திருக்கிறது.
கோபத்தில் பூட்டிய கை
எண்ணைப் பார்க்குமா?
முப்பத்தொரு வருடம்.
ஐவர் இருப்பது நெண்ட்ஹெட்டில்.
மலையைத் தாண்டினால் நாலு மைல்.

‘எண்கள் பொருந்தவில்லை’ என்று நான் எழுதினால்
எழுநூறு பவுண்டு குறையும் என்றேன்.
நீண்ட அமைதிக்குப் பிறகு
ஓர் எண்ணைச் சொன்னார்,
பார்க்காமல், மனப்பாடமாக.

ஐவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.
“அதுதான் மேலே அடிக்குதா!” என்றார்.
“என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு
ஒவ்வொரு காட்டுப்புறாவுக்கும்
ஒரு சாண் தாழ்த்தியே பிடிச்சேன்.
மூணு தடவை கண்ணாடி மாத்தினேன்.”

வாங்க வருகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது:
இரட்டைக்குழல் இணைகோடு அல்ல.
பின்னால் அகன்று முன்னால் நெருங்கும்படி
சற்றே சாய்த்துப் பற்றவைப்பார்கள்.
நேராக வைத்தால்
வலது வலப்பக்கம் போகும், இடது இடப்பக்கம் போகும்.
நாற்பது கஜத்தில் இரண்டும்
ஒரே புறாவைத் தொட வேண்டும்.
அன்று அவர்களுக்கு இதை நான் சொல்லவில்லை.
கேட்கிற முகங்களாக இல்லை.

வியாழக்கிழமை, ஆலங்கட்டி மழை.
மேசைக்கு அந்தப்பக்கம் தோரா, ஈரக் கோட்டோடு.
இந்தப்பக்கம் ஐவர், துப்பாக்கி உறையை மடியில் வைத்து,
பேருந்தில் பிள்ளையைப் பிடித்திருப்பவர்போல.
நான் குழல்களை மாற்றினேன்.
டக்.
இன்னொன்று. டக்.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன், கீற்று இல்லை.
சிகரெட் தாளைத் திணித்தேன்,
முனை மடங்கிக் கசங்கியது.
இருவரும் தாளைப் பார்த்தார்கள்.
ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

“ஏலத்திலிருந்து எடுத்துடுங்க” என்றார் தோரா.
எடுக்கலாம், ஆனால்
வாபஸ் கட்டணம் நாற்பது பவுண்டு.
“நான் கட்டுறேன்” என்றார் ஐவர், சுவரிடம்.
“நீ எதுக்குக் கட்டணும்?”
“குழல் என்னோடது.”
“துப்பாக்கியை அனுப்பினது நான்.”
“சுவரைத் தள்ளிக் கட்டினதும் நீதான்.”

ரசீதுப் புத்தகத்தைத் திறந்து,
பேனா மூடியைக் கழற்றி,
நான் காத்திருந்தேன்.