புள்ளிகளில் போகும் கோடு

அபுதாபி, ஹம்தான் தெருவுக்குப் பின்புறம்
பேஸ்மென்ட் இரண்டில் எங்கள் லாரி நிற்கிறது.
அதன் வயிற்றில் காகிதம் தின்னும் இயந்திரம்.
இருபத்தெட்டாம் மாடியிலிருந்து இறங்குகின்றன
எதிர்காலங்கள்,
டிராலிக்குப் பன்னிரண்டு பெட்டி.

வருங்காலத்தைக் கணித்து விற்கிற கம்பெனி.
வேறு கட்டடத்துக்குக் குடிபோகிறார்கள்.
பழைய கணிப்புகள் கூட வர வேண்டாமாம்.
ஒப்பந்தத்தில் இருக்கிறது:
துண்டின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கு மிகாமல்.

படிக்கக் கூடாது என்பது விதி.
ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்குகிறவன்
கண்ணை எங்கே வைப்பான்?

"2020க்குள் அலுவலகங்களில் காகிதம் இராது."
வழவழத் தாளில், கெட்டி அட்டையில்,
நானூறு பிரதி.
லோக் பகதூருக்கு அதை இந்தியில் சொன்னேன்.
சிரித்துச் சிரித்து இருமினான்.
தூசி.

பறக்கும் டாக்ஸி மட்டும் மூன்று பெட்டி.
ஒட்டகத்தின் முதுகில் ரோபோ ஏறும் என்று ஒருவர் எழுதியிருந்தார்.
ஏறிவிட்டது.
ஏறிய பிறகு எழுதினாரா, தேதி பார்ப்பதற்குள்
இயந்திரம் இழுத்துக்கொண்டது.

எழுதாமல் விட்டது எனக்குத் தெரியும்.
முஸஃபா கேம்பில் கைரேகை மெஷின் வந்த வாரம்
சிமென்ட் அரித்த விரல்களை அது ஆளென்றே ஒப்பவில்லை.
அருளப்பனுக்கு மூன்று நாள் ஆப்சென்ட்.
மூன்று நாளும் என் பக்கத்தில்தான் பிளாக் சுமந்தார்.
எலுமிச்சை தேய்த்தார், வாஸ்லின் தடவினார்,
கடைசியில் சுண்டுவிரலை வைத்தார்.
அதிகம் உழைக்காத விரல்.
கம்பெனி அதை மட்டும் அவராக ஏற்றுக்கொண்டது.

பிறகு சம்பளம் கார்டுக்குள் போனது,
பணம் போனுக்குள் போனது,
வெள்ளிக்கிழமை எக்ஸ்சேஞ்ச் வரிசை கலைந்தது.
ஆளுக்கு நாற்பது நிமிடம் மிச்சம் என்கிறது ஓர் அறிக்கை.
மிச்சத்தை வாங்கிக்கொண்டு
அவரவர் கட்டிலில், அவரவர் திரைக்குள்
படுத்திருக்கிறோம்.
எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று
இப்போது யாரைக் கேட்பது?

பக்கம் அறுபத்தொன்று.
ஒரு கோடு கறுப்பாக, உறுதியாக ஏறி வந்து
'இன்று' என்ற இடத்தில் அறுந்து
அப்புறம் புள்ளி புள்ளியாக மேலே போகிறது.
தலைப்பு: மனிதர் இல்லாமல் நடக்கும் வேலைகள்.
பதினேழு புள்ளி, ஆண்டுக்கு ஒன்று.
அந்த 'இன்று' போய் ஐந்து வருஷம்.
ஆக, நான் நிற்பது ஐந்தாவதன் மேல்.
விசா ஏழில் முடிகிறது.
மகளின் நர்சிங் ஃபீஸ் எட்டு வரை.
பதினொன்றில் லாரி தானே ஓடி வருமாம்;
பெட்டியை யார் தூக்கி வைப்பார்கள், குறிப்பில்லை.
மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

மூன்று மணிக்கு லிஃப்டிலிருந்து ஒரு பெண்மணி.
நாதின், லெபனான்காரர்.
கழுத்தில் அடையாள அட்டை இல்லை, கையில் ஒரு பூந்தொட்டி.
தான் எழுதிய அறிக்கையில் ஒரு பிரதி கிடைக்குமா என்றார்.
காலையோடு முடிந்தது மேடம் என்றேன்.
இன்று அவருக்குக் கடைசி நாளாம்,
கணிப்பை இனி மென்பொருளே எழுதுமாம்.
"அதையும் சொல்லியிருந்தேன்," என்றார்,
"அறுபத்தொன்றாம் பக்கத்தில்."

தூணில் கேமரா.
கொடுத்தால், படித்தேன் என்று ஆகும்.
கொடுத்தேன்.

தொட்டியைத் தரையில் வைத்துவிட்டு
தாளை விரித்தார்.
விரல் நுனி புள்ளி புள்ளியாக நகர்ந்தது.
உதடு அசைந்தது, அரபியில்.
ஏழு வரை எனக்கும் புரிந்தது.