கள்ளக்கடல்: ஏழு இதழ்கள்

முதல் இதழ் தக்கலையில்,
பத்திரமும் ஜாதகமும் நகலெடுக்கும் கடையில். நாற்பது பிரதி.
பதினோராம் பக்கத்தில் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இது ஒனக்க காலேஜ் வேலையாடே?"
ஆமாம் என்றான் பிரிஜின்.
மிச்சத்தைப் பார்க்காமலே ஓட்டினார்.
அதனால் பதினாலாம் பக்கம் தலைகீழ்.

பெயர் மெர்லின் வைத்தது.
காற்றில்லை, மேகமில்லை, வானொலியில் ஒரு சொல்லில்லை;
நட்டுச்ச வெயிலில் வீட்டுக்குள் ஏறி
பாயை நனைத்துவிட்டுப் போகும் கடலுக்கு
அவள் ஊர் இனயத்தில் அந்தப் பெயர்.
"நம்மளும் சொல்லிட்டா பிள்ளே வந்தோம்?"

இரண்டாம் இதழ் கிடையாது.
பழைய பத்திரிகை போலத் தெரியட்டும் என்று
அடுத்ததற்கே மூன்று என்று எண் போட்டோம்.
மார்த்தாண்டத்தில், கல்யாணக் கார்டு அச்சகம். மீந்த அட்டை மலிவு.
புடைத்த குத்துவிளக்கின் மேல் கறுப்பு மை;
விரல் வைத்தால் விளக்கு தெரியும்.
கட்டைத் தரும்போது பழக்கத்தில்
நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டுவைத்தார் தாணுலிங்கம்.
நாங்கள் துடைக்கவில்லை.

நான் கணக்கு.
சந்தா கட்டிய ஒரே ஆள் வடசேரி சுகந்தியக்கா.
அந்தப் பெயருக்கு வந்த முதல் தபால் அதுதானாம்.
வாசிக்கத் தெரியாது; உறையை மட்டும் வைத்துக்கொண்டு
இதழைத் திருப்பித் தந்தாள்.

நான்காவதிலிருந்து சாளை.
முகவரியில்லா உறை, தூத்தூர் முத்திரை, தாளில் டீசல் வாசம்.
நாற்பது நாள் ஆழ்கடலில்
அடுத்த பாயில் கிடப்பவனின்
கழுத்துச் சிலுவை பற்றி எட்டு வரி.
பதிலை எங்கே அனுப்ப?
கடைசிப் பக்கத்தில் போட்டோம்:
சாளைக்கு. கிடைத்தது. இன்னும்.
இன்னும் மூன்று வந்தன.

பிறகு ஓகி.
காணாமல்போனவர்களின் பட்டியலை
ஊர் ஊராக விரல் வைத்து வாசித்தாள் மெர்லின்.
எந்தப் பெயரில் விரலை நிறுத்துவது
என்று யாருக்கும் தெரியவில்லை.
பூசைக்குப் பெயர் எழுதும் மேசையில்
ரூபாயை நீட்டினாள்.
உபதேசியார் பேனாவைத் திறந்து காத்திருந்தார்.

தீர்ப்பு வந்த செப்டம்பரில் ஏழாவது.
இருநூறு பிரதி, கலர் அட்டை.
பிரிஜின் முதல்முறையாகத் தன் முழுப்பெயரைப் போட்டான், இனிஷியலோடு.
ஒன்பதாம் பக்கத்தில் அடியில் எண் மட்டும்.

திங்கள்நகரிலிருந்து ஓர் அஞ்சலட்டை:
"ஒன்பதாம் பக்கம் அச்சாகவில்லை. வேறு பிரதி அனுப்பவும்."

அனுப்பினேன்.
தபால்தலை ஐந்து ரூபாய்,
கணக்கில் இருக்கிறது.