மேலும் ஒரு மகள்

ஒவ்வொரு அக்டோபரிலும் லண்டனிலிருந்து
நீளமான உறை ஒன்று வரும்.
பிரபுக் குடும்பங்களின் பெரும்புத்தகத்தில்
எங்களுக்கு அரைப் பக்கம்.
பிழையிருந்தால் திருத்தி அனுப்பவும்.
அப்பா இருந்தவரை அவர்தான் திருத்தினார்.
அதாவது, மூக்குக் கண்ணாடியைத் தேடுவார்,
கிடைத்ததும் தேனீக்களைப் பார்க்கப் போய்விடுவார்.

இந்த வருஷம் என் மேசைக்கு வந்திருக்கிறது.
லூடோவிக், ஒன்பதாம் ஸ்ட்ராத்கெல்லன் பிரபு.
பிறப்பு 1852. இறப்பு 1923.
இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கோடு.
அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்துதான்
நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

மேலவை உறுப்பினர் என்று போட்டிருக்கிறது, சரிதான்.
இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு முறை எழுந்தார்,
ஜன்னலைச் சாத்தச் சொல்ல.
அதற்குள் யாரோ சாத்திவிட்டார்கள்.
மனிதர்கள் முன் நாக்கு திக்கும்.
கிடாய்களிடம் மடை திறந்த மாதிரி பேசுவார்.

மணம்: 1881, யூஃபீமியா,
பால்மூர் கில்கிறிஸ்ட்டின் மகள்.
பால்மூர் ஒரு குன்று. விலைக்கு வாங்கியது.
தாத்தாவுக்கு டண்டீயில் சணல் ஆலை.
வங்காளத்துச் சணல் திமிங்கல எண்ணெயில் ஊறிச்
சாக்கானது,
சாக்கு எங்கள் கூரைக்கு ஈயத் தகடானது.
கிழக்குப் பக்கம் முடிவதற்குள் சீதனம் தீர்ந்தது.
அம்மாவைக் கேலி செய்ய அத்தைமார்
சாக்குத் தேடவேயில்லை.
சாக்கே போதுமாயிருந்தது.

மேற்குப் பக்கம் இன்றும் ஒழுகுகிறது.
பதினேழு வாளிகள்.
எது நிரம்புகிறதென்று சத்தத்தை வைத்தே
படுக்கையில் இருந்தபடி அப்பா சொல்வார்:
"நூலகம், இரண்டாவது."
அப்போது மட்டும் திக்கியதில்லை.

மூத்த மகன் இவாண்டர்,
லூஸ் போர்க்களத்தில், 1915, சந்ததியின்றி.
கடைசிக் கடிதத்தில் காலுறை கேட்டிருந்தான்.
நான் பின்னிய ஜோடியில்
ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.
"பரவாயில்லை, என் கால்களும் அப்படித்தான்" என்று
பதில் வந்தது,
தந்தி வந்து நான்கு நாள் கழித்து.

இளையவன் சோமர்லெட், இப்போது பத்தாம் பிரபு.
மணமாகாதவர்.
ஸ்டோர்னோவேயில் மீனவரின் விதவை ஒருத்தி,
மோராக் என்று பெயர்.
அவன் வந்த பிறகு பிறந்த மூன்று பிள்ளைகளுக்கும்
எங்கள் தாடை.
அவளைக் கைப்பிடித்தால் போதும்,
எங்கள் நாட்டுச் சட்டம் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளும்,
பதினோராம் பிரபு தயார்.
அவன் கேட்டிருக்கிறான், இரண்டு முறை.
அவள்தான் மாட்டேன் என்கிறாள்.
"பதினேழு வாளியை யார் கொட்டுவது?"

அப்புறம் கடைசி வரி:
மேலும் ஒரு மகள்.

பதினெட்டு வயதிலிருந்து குத்தகைக் கணக்கு எழுதுகிறேன்.
எந்தக் குடியானவனின் ஆடு எந்த வேலியைத் தாண்டும்,
எந்த வீட்டில் வாடகை கேட்கக் கூடாது,
எல்லாம் தெரியும்.
அப்பா போன இரவு அவரது சாவியை எடுத்துக்கொண்டு
ஒவ்வொரு தேன்கூட்டையும் மும்முறை தட்டிச்
சொல்லிவிட்டு வந்தவளும் நான்தான்.
சொல்லாவிட்டால் பறந்து போய்விடுமாம்.
பிரபு இறந்துவிட்டார் என்று தொடங்கினேன்.
ஆறாவது கூட்டில் நாக்கு திக்கியது.
அப்பா, என்று மட்டும் சொன்னேன்.
உள்ளே ரீங்காரம் ஒரு கணம் தாழ்ந்தது,
அல்லது காற்று.

பேனாவை எடுத்தேன்.
பால்மூரை அடித்துவிட்டு
டண்டீ சணல் வியாபாரி என்று எழுதினேன்.
அத்தைமார் எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று,
இனி யாருக்குக் கூசப்போகிறது?
மோராக்கை எழுதவில்லை.
அவள் சம்மதம் கேட்காமல் எப்படி?

மகளுக்குப் பக்கத்தில், ஓரத்து வெள்ளையில்,
கிரிசல் என்று எழுதப் போனேன்.
நூலகத்தில் சொட்டத் தொடங்கியது, இரண்டாவது வாளி.
அவசரத்தில் ஓர் எழுத்து கூடிவிட்டது.
இருக்கட்டும்.
அடுத்த அக்டோபரில் திருத்திக்கொள்ளலாம்.