இரவுப் பதிவேடு

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால்
தருமபுரியில் முதலில் தெரிவது எனக்கு.
அவசரப் பிரிவின் வாசல் மேசை,
துண்டை நாலாய் மடித்துப் போட்ட நாற்காலி,
பெயர், வயது, ஊர், உபாதை என்று நாலு கட்டம்.
நாலாவதில் மூன்று விரல் அகலம்தான் இடம்.

மாதம்மாள், முப்பத்தாறு, கும்பாரஅள்ளி, அடிவயிற்று வலி.
இதைப் பேனாவே எழுதிவிடும்.
மொபெட்டில் உட்கார முடியாமல்
கால்மிதியில் நின்றபடி
புருசன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பாள்.
பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும்.
உட்கார மாட்டாள்.

ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பயிற்சி டாக்டர்.
எத்தனை பிள்ளை, கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றினாய்.
கர்ப்பப்பையே இல்லை சார், சேலத்தில் எடுத்துட்டாங்க என்பாள்.
அதற்கு முந்தி குடல்வாலும் போயிருந்தது.
எடுக்க எடுக்க, வலி மட்டும்
வைத்த இடத்திலேயே இருந்தது.
ஸ்கேனில் ஒன்றுமில்லை.
ஒரு ஊசி, மூணு மாத்திரை, விடிந்தால் முதல் பஸ்.
"நம்ம பௌர்ணமி கேசு வந்தாச்சு" என்பார் தீர்த்தகிரி,
ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே.
நானும் சிரித்திருக்கிறேன்.
அதை எழுதக் கட்டம் இல்லை.

போன ஆடியில் பழைய எக்ஸ்ரே அறைக்குப்
புதுப் பலகை மாட்டினார்கள்.
நாள்பட்ட இடுப்புக்குழி வலி,
சிறப்புப் பிரிவு, வியாழன்தோறும்.
ஒரு டாக்டரம்மா, தசைப் பயிற்சிக்கு ஒரு பெண்,
உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஒருவர் என்று கேள்வி.
பேசுறதுக்குச் சம்பளமா என்றார் தீர்த்தகிரி.

ஐப்பசியில் அவள் வரவில்லை.
கார்த்திகையில் வரவில்லை.
மார்கழிப் பனியில் மொபெட் சத்தம் கேட்டு
இரண்டு முறை நிமிர்ந்தேன். வேறு யாரோ.

வந்தவர்களைத்தான் எழுதுகிறோம்.
வராதவள் தேறிவிட்டாளா,
தேறாமலே போய்விட்டாளா,
ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கேட்டு அலுத்து
வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு
வீட்டிலேயே கிடக்கிறாளா,
பதிவேட்டுக்கு மூன்றும் ஒன்றுதான்.

தையில் மேலிடம் கணக்குக் கேட்டது.
ஆடி முதல் மார்கழி வரை, அடிவயிற்று வலி, இரவு வரவு:
போன வருசம் நூற்று நாற்பது,
இந்த வருசம் ஐம்பத்திரண்டு.
கூட்டத்தில் கை தட்டினார்கள்.
கழித்து வந்த எண்பத்தெட்டைக்
காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு
டூட்டி முடிந்த ஒரு வியாழன் காலை
எக்ஸ்ரே அறைப் பக்கம் போனேன்.

அவர்கள் ஏட்டில் மாதம்மாள் பதினான்கு முறை.
வரவு குறையவில்லை ஐயா, கூடியிருக்கிறது.
ராத்திரி பகலாகியிருக்கிறது, அவ்வளவுதான்.
உபாதை பக்கம் தாண்டி ஓடுகிறது:
புளி உலுக்கும் நாளில் அதிகம்,
ஒண்ணுக்குப் போகையில் கண்ணாடித் தூள் மாதிரி,
புருசன் தொட்டால் என்று தொடங்கி
அடித்துவிட்டு, மறுபடி எழுதிய ஒரு வரி.
அதற்குமேல் படிக்கக் கூடாதென்று மூடினேன்.

வெளியே பெஞ்சின் ஓரத்தில்
ஒருக்களித்துத்தான், ஆனாலும்
உட்கார்ந்திருந்தாள்.
இன்னும் வலிக்குதா என்றேன்.
"வலிக்குது. பயம்தான் இல்ல."
பிறகு என் கையிலிருந்த காகிதத்தைச் சீட்டென்று நினைத்து,
நான் நிற்கிற நிலையையும் ஒருமுறை பார்த்து,
"என்ன மேடம், உங்களுக்குமா?"

தலையை ஆட்டினேன்.
ஆமென்றா இல்லையென்றா,
எனக்கே பிடிபடாத ஆட்டல்.
அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

சித்தேரி மலைச் சின்னபாப்பா மட்டும்
அந்த ஏட்டில் இல்லை.
ஆவணிக்குப் பிறகு என் ஏட்டிலும் இல்லை.
மலை பஸ் வந்து சேரும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிடும்.
அதற்குள் வியாழன் முடிந்துவிடும்.
எண்பத்தெட்டில் அவள் எத்தனை?
கணக்குத் தாளின் ஓரத்தில்
பென்சிலால் ஐந்து என்று போட்டுக் கேள்விக்குறி வைத்தேன்.
பென்சில் செல்லாதென்று திருப்பி அனுப்பினார்கள்.
பேனாவால் எழுதி அனுப்பியிருக்கிறேன்,
கேள்விக்குறியோடு.