மூன்று விரல்

ஏழு நாற்பதுக்குப் படகு.
ஏழு இருபத்தெட்டுக்கே ரக்னா வந்துவிடுவாள்.
மூன்றாவது இரும்புக் குற்றியருகே
வடக்குப் பார்த்து நிற்பாள்.
நார்வேயின் இந்த முனையில், டிசம்பரில்,
வடக்கும் தெற்கும் ஒரே கறுப்பு.
ஆனாலும் வடக்கு.

பயணச்சீட்டு பார்ப்பது என் வேலை,
கயிறு எறிவதும்.
முதல் வாரம் அவளுக்குக் காலை வணக்கம் சொன்னேன்.
பதிலில்லை.
திமிர் பிடித்தவள் என்றேன் ஐனாரிடம்.
காப்பியை உறிஞ்சிக்கொண்டே ஆமாம் என்றான்.
எட்டு நாள் கழித்து எதிரே வந்து நின்று
என் சட்டையின் இரண்டாம் பொத்தானிடம் சொன்னாள்:
"போன செவ்வாய் வணக்கம் சொன்னீர்கள்.
வணக்கம்."

மூடுபனி என்றால் சங்கு ஊதியாக வேண்டும்.
சட்டம் அது, கேப்டனின் இஷ்டமில்லை.
இரண்டு நிமிடத்துக்கு ஒன்று,
இருபது நிமிடக் கடப்பில் பத்து.
அந்த முதல் மூடுபனியில்
கார்களுக்கு நடுவே, ஈரத் தரையில்,
தலையைக் கைகளால் மூடி அவள் சுருண்டிருந்தாள்.
ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.
சூடு பட்டதுபோல் உதறினாள்.
நல்ல எண்ணம்தான்.
நல்ல எண்ணத்துக்கும் நகம் உண்டு.

மறுநாள் ஒரு சீட்டு நீட்டினாள்,
பல் மருத்துவமனையின் முன்பதிவு அட்டை.
அங்கேதான் அவளுக்கு வேலை,
கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்வது.
பின்பக்கம் பென்சிலில்:
'தொட வேண்டாம். முன்னாலேயே காட்டினால் போதும்.'

அப்படி வந்ததுதான் மூன்று விரல்.
மேலே கண்ணாடிக்குப் பின்னால் கேப்டன் குன்வோர்
மூன்று விரல் காட்டுவாள்.
கீழே நான்.
ரக்னா காதுறையை இழுத்துவிடுவாள்.
ஒவ்வொன்றாய் மடக்குவோம்.
பிறகு சங்கு.
பள்ளிப் பிள்ளைகளும் மடக்கத் தொடங்கினார்கள்.
சால்மன் ஏற்றிப்போகும் போலந்து லாரிக்காரர்
எதற்கென்று கேட்காமலே
தடித்த மூன்று விரலைச் சன்னலுக்கு வெளியே நீட்டுவார்.

இந்த ஏப்ரலில் மின்சாரப் படகு வந்தது.
கேக் வெட்டினார்கள்.
சத்தமே இல்லை பாருங்கள், சத்தமே இல்லை என்று
சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள்.
ரக்னாவுக்காகவே செய்ததுபோல் எனக்குள் ஒரு பெருமை.
முகத்தைப் பார்க்கத் தேடினேன்.
அவள் ஏறவேயில்லை.
குற்றியருகே நின்றாள்.
அடுத்த படகும் போயிற்று, அதற்கடுத்ததும்.

மதியம் என்னிடம் சொன்னாள்,
இந்த முறை கயிற்றைப் பார்த்து:
பழைய இயந்திரத்தின் உறுமல்
பாதம் வழியே முழங்காலுக்கு ஏறும்.
அதன்மேல்தான் ஆறு வருடம் நின்றேன்.
இப்போது கீழே ஒன்றுமில்லை.

"சத்தம்தானே உனக்கு ஆகாது?"

"யார் சொன்னது?
நாள் முழுக்கப் பல் துளைக்கும் சத்தத்தில் இருக்கிறேன்.
எனக்குப் பிடிக்கும்.
அது கத்துவதற்கு முன்
யாராவது ஒருவர் வாயைத் திறப்பார்."

ஆறு வருடம் நாங்கள் அவளுக்காக யோசித்தோம்.
அவளிடம் கேட்டது
அந்த ஒரு மதியம்.

ஐனார்தான் கண்டுபிடித்தான்,
பின்தளத்தில் காற்றோட்ட விசிறியின் அறைச்சுவர்
முதுகு வைத்தால் லேசாக அதிரும்.
கூட்டிப்போய்க் காட்டினோம்.
கண்ணை மூடி வெகுநேரம் சாய்ந்திருந்தாள்.
நன்றாயிருக்கிறது என்பாள் என்று காத்திருந்தோம்.
"நாற்பது சதவீதம்," என்றாள்.
ஐனார் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.
நாற்பது என்றால் அவளுக்கு நாற்பதுதான்.
இப்போது அங்கேதான் நிற்கிறாள்.
மழையில் சுவர் சரியாய் அதிர்வதில்லை,
அந்த நாட்களில் பேருந்தில் மலை சுற்றிப் போகிறாள்,
ஒன்றரை மணி நேரம்.
அதற்கு எங்களிடம் இன்னும் ஒன்றுமில்லை.

போன திங்கள் அவளுக்கு விடுமுறை.
நல்ல மூடுபனி. தளத்தில் ஒரு சைக்கிள் மட்டும்.
மேலே பார்த்தேன்.
குன்வோர் மூன்று விரல் காட்டினாள்.
யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை,
நானும் காட்டினேன், மடக்கினேன்.
சங்கு ஊதியது.
என் தோள்கள் அசையாமல் இருந்தன.

பதினேழு வருடம்
ஒவ்வொரு சங்குக்கும் நான் திடுக்கிட்டு வந்திருக்கிறேன்.
யாரிடமும் சொன்னதில்லை,
என்னிடமும்.